டிரைவரைத் தூக்கணும்

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வினோதமான வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. கார் ஓட்டிக்கொண்டு வருகிற மனிதரை 'டிரைவர் அவுக' என்றுதான் சொல்ல வேண்டும். காரையும் லேப்டாப்பையும் கேபிள் வழியாகப் பேச வைக்கிற சின்ன மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர். லேப்டாப் எங்களுக்குப் பொட்டி என்பதால், அதை 'பொட்டி டிரைவர்' என்று சொல்ல வேண்டும். யாராவது மொட்டையாக 'டிரைவர்' என்று சொல்லிவிட்டால், சுற்றி நிற்பவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த டிரைவர்?" என்று கோரஸாகக் கேட்பார்கள்.

இப்போது புளூடூத்தில் பேசுகிற கருவி வந்துவிட்டது. கேபிளும் இல்லை, பொட்டி டிரைவரும் இல்லை. ஆனால் அந்த 'அவுக' மட்டும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மத்த ஒர்க்‌ஷாப்புல எல்லாம் டிரைவர்னுதானேண்ணே சொல்றாக. இங்க மட்டும் ஏன் இம்புட்டு மரியாதை?"

குழுவில் பதில் போட்டால் கலைச்செல்வி மேடம் படிப்பார். படித்தால் ஒரு கேள்வி கேட்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு என்றதும் தலை நரைத்த ஆளாக நினைத்துவிட வேண்டாம். எனக்கு வயது முடியவில்லை, கழுத்துதான் முடிந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கொடுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்றார் மதுரை டாக்டர். எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அது என் கழுத்துதானா, வெளியே உட்கார்ந்திருந்த பெரியவருடையதா என்று எனக்குச் சந்தேகம். இரண்டாவது டாக்டரிடம் இன்னொரு படம் எடுத்தேன். அதுவும் அதே கழுத்து.

சந்தேகம் எனக்குப் பிறவிக் கோளாறு இல்லை, தொழில் கொடுத்தது. ஆட்டோ எலக்ட்ரீசியனாக ஆரம்பித்தேன். ஹாரன், வைப்பர், ஃபியூஸ். அப்போதெல்லாம் கார் பொய் சொல்லாது. வயர் கருகினால் நாற்றம் அடிக்கும், மூக்கு போதும். பிறகு வந்த கார்கள் நோயை வெளியே காட்டாமல் உள்ளேயே எழுதி வைத்துக்கொண்டன. அதைப் படிக்க ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வாய் வைத்தார்கள். அந்த வாயில் செருக ஒரு கேபிள் வேண்டும். கேபிளின் மறுமுனை லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கேபிள் தபாலில் வந்தது. கண்ணாடி மாதிரி நீலத் தலை, உள்ளே சிவப்பு விளக்கு. கூடவே குட்டி சிடி தட்டு ஒன்று. லேப்டாப்பில் தட்டு போடுகிற இடமே கிடையாது. தட்டில் உள்ளதை வேறு கடையில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து திறந்தால், முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்றது. நாயைக் கட்டிப் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள் என்று திருடனே முன்கூட்டிச் சொல்லி அனுப்பியது மாதிரி இருந்தது எனக்கு.

"மேடம், இது வில்லங்கம்" என்றேன்.

கலைச்செல்வி மேடம்தான் எங்கள் சர்வீஸ் பொறுப்பாளர். இன்ஜினியர். என்னைவிட இளையவர். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். கேள்விதான் கேட்பார். பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து, "என்ன வில்லங்கம்? எதைப் பாத்து சொல்றீங்க?" என்பார். "எல்லாம் பாத்துட்டேன் மேடம்" என்று சொன்னால் தீர்ந்தது. "எல்லாம்னா எது எது?" இந்த ஒரு கேள்விக்கு விரல் மடக்கி விடை சொல்ல முடியாமல் ஆட்கள் கழிப்பறைக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள். நான் ஒளிந்ததில்லை. உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தார்.

வில்லங்கம் நிஜமாகவே இருந்தது. கேபிளுக்குள் இருந்த சிப்பு, அசல் சிப்பைப் பார்த்துச் செய்த நகல். பொட்டிக்குள் இருக்கிற பழைய டிரைவர் நல்ல மனசுக்காரர். யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடுவார். புது டிரைவர் வாசலிலேயே ரேஷன் கார்டு கேட்பார். நகல் என்று தெரிந்தால் கதவைச் சாத்திவிடுவார். சிவப்பு விளக்கு எரியும், கேபிள் பேசாது. லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜர் என்ற பக்கத்தைத் திறந்தால், கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி.

இதைக் கண்டுபிடித்ததும் மேடம்தான். சட்டம் போட்டதும் அவர்தான். லேப்டாப்புக்கு நெட் கிடையாது, எந்தக் காலத்திலும். டிரைவரை எடுக்கும்போது பெயரை மட்டும் எடுத்தால் போதாது. 'மென்பொருளையும் சேர்த்து அழி' என்கிற கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லையென்றால் புது டிரைவர் வீட்டை விட்டுப் போன மாதிரி நடித்து, பரணில் உட்கார்ந்திருப்பார். அடுத்து, கேபிளை எப்போதும் ஒரே துளையில்தான் செருக வேண்டும். துளை மாறினால் லேப்டாப் அதைப் புது ஆள் என்று நினைத்து வேறு எண் கொடுத்துவிடும். கார் பார்க்கிற மென்பொருளோ பழைய எண்ணிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளைக்குப் பக்கத்தில் தன் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார் மேடம். எங்கள் லேப்டாப் அன்றிலிருந்து சுமங்கலி.

கோளாறு என்றால் யாரை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கும் வரிசை உண்டு. முதலில் நம் கை, பிறகு கேபிள், பிறகு பொட்டி, பிறகு டிரைவர், கடைசியில்தான் கார். இந்த வரிசையில் முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இனி பெருமாள்சாமி ஐயா கதைக்கு வருகிறேன். திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற பக்கம் அவருக்கு நிலம். மிளகாய், பருத்தி, உளுந்து. பெரிய டீசல் கார் வைத்திருந்தார், ஓட்டத் தெரியாது. ஓட்டியது சோலையப்பன். அவர் வீட்டிலேயே வளர்ந்த மாதிரி அத்தனை வருஷப் பழக்கம். கார் கொஞ்ச நாளாக இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, டீசல் குடிக்கிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போன் வந்தது. அங்கே போய்ப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார் மேடம்.

தனியாக அனுப்புகிறாரே, நான் திணறுவதைப் பார்க்கவா என்று பஸ்ஸில் ஏறும்போதே சந்தேகம் வந்துவிட்டது. திருச்சுழியில் டீக்கடையில் உட்கார்ந்து, முன்னெச்சரிக்கையாக அந்தக் காரின் வயரிங் படம் ஒன்றை இறக்கிக்கொண்டேன். எப்படி இறக்கினேன் என்பது பின்னால் வரும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே களம். களம் முழுக்க மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து, வெளுத்துப்போன சோடைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் போகாததுமாக ஐயா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தம்பி, இந்த வயரு உள்ளதைச் சொல்லுமாமே?"

"சொல்லும்யா. காருக்குள்ள என்ன கோளாறுன்னு சொல்லும்."

"டீசலை எடுத்தது யாருன்னு சொல்லுமா?"

"அது சொல்லாதுய்யா."

"சொல்லாதா, சொல்லவிடாம வச்சிருக்கீகளா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சத்தமாக, "ஏலே சோலை, இங்கன வந்து வண்டிக்கு முன்னால நில்லு" என்றார்.

சோலையப்பன் வந்து நின்றார். ஒல்லியான ஆள், சட்டைக் காலருக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருந்தார். எதற்காக நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கேபிளைக் காரில் செருகினேன். மறுமுனையைச் சிவப்புப் பொட்டில் செருகினேன். விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் மஞ்சள் முக்கோணம்.

"என்ன சொல்லுது?" என்றார் ஐயா.

"யோசிக்குதுய்யா."

"இவன் நிக்கிறான்ல, அதான் வாயத் தொறக்க மாட்டேங்குது."

டிரைவரை எடுத்தேன், டிக் போட்டேன், பழையதை ஏற்றினேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். முக்கோணம். மறுபடி எடுத்தேன், மறுபடி ஏற்றினேன். மறுபடி முக்கோணம். யாரோ என் முதுகுக்குப் பின்னால் பழையவரைத் தள்ளிவிட்டுப் புதியவரை உட்கார வைக்கிறார்கள். யார்? நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. ஐயா வீட்டு மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். காரைச் சந்தேகப்பட்டேன். சோலையப்பன் எலி மாதிரி எதையாவது கடித்து வைத்தாரோ என்று நினைத்தேன். மேடமே வேண்டுமென்று பழுதான கேபிளைக் கொடுத்தனுப்பினாரோ என்றும் நினைத்தேன். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வேறு. வியர்வை கண்ணில் இறங்கி, மஞ்சள் முக்கோணம் இரண்டாகத் தெரிந்தது.

போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டேன். லைன் சரியில்லை. களத்தின் விளிம்புக்கு நடந்துபோய்க் கத்தினேன்.

"மேடம், வண்டியில ஒண்ணுமில்ல! டிரைவர்தான் பிரச்சினை!"

மேடம் என்னவோ கேட்டார்.

"ஆமா மேடம், டிரைவர் சரியில்ல! பேச்சே வர மாட்டேங்குது! ... இல்ல, சும்மா தூக்குனா பத்தாது, அடியோட தூக்கணும்! ... சரி மேடம், இந்த டிரைவரைத் தூக்கிட்டு வேற டிரைவர் போட்டாத்தான் சரிப்படும்!"

லைன் அறுந்துவிட்டது. திரும்பினேன். மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். நான் சத்தமாகப் பேசியதால்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து லேசாகச் சிரித்து வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தூரத்தில் ஐயா, சோலையப்பன் முன்னால் கையை நீட்டினார். சோலையப்பன் பையிலிருந்து எதையோ எடுத்து அந்தக் கையில் வைத்தார். வெற்றிலை போடுகிறார்கள்போல என்று எண்ணிக்கொண்டு, லேப்டாப்பிடம் போய்க் குனிந்தேன்.

ஒரு நிழல் என் மேல் விழுந்தது.

"அண்ணே" என்றார் சோலையப்பன். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"எனக்கா? ஒண்ணும் பண்ணலையே."

"பெறகு ஏன் என்னைத் தூக்கச் சொன்னீக? இத்தனை சனத்துக்கு முன்னாடி சாவிய வாங்கிட்டாக. டீசல் திருடன்னு பேரு வாங்கிட்டு, திருச்சுழியிலருந்து வீரசோழன் வரைக்கும் எவன்ணே என்கிட்ட வண்டி குடுப்பான்?"

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கிய மறுகணம், அவர் அடிக்கப் போகிறார் என்று தோன்றி, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டேன். பாதுகாப்பான இடம் என்று நினைப்பு. வெளியே முதுகும் மற்றதும் தாராளமாகக் கிடந்தன.

உள்ளேயிருந்தபடியே கத்தினேன். "அய்யோ, உங்களைச் சொல்லலண்ணே! பொட்டிக்குள்ள இருக்கிற டிரைவரைச் சொன்னேன்!"

"பொட்டிக்குள்ள டிரைவரா?"

"ஆமாண்ணே. அவன் உள்ளுக்குள்ள உக்காந்து கேபிளை ஓட்டுவான்."

நான் பயத்தில் சொன்ன விளக்கத்தை நானே நம்பியிருக்க மாட்டேன். இதற்குள் ஐயாவும் வந்துவிட்டார். "என்னலே ரெண்டு பேரும் குசுகுசுங்கிறீக?"

தலையை வெளியே எடுத்து, எழுந்து, விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர், மென்பொருள், அதற்குப் பெயர்தான் டிரைவர், இந்த மனிதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. ஐயா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இப்பத்தான போன்ல டிரைவர்தான் பிரச்சினைன்னு கத்துன? இவன் வந்து நின்னதும் பேச்சை மாத்துறியே. டீசல்ல உனக்கும் பங்கு உண்டோ?"

என் வாழ்க்கையில் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டது அன்றுதான் முதல் தடவை. நன்றாக இல்லை. சோலையப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. களத்தில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இன்று சாயங்காலம் பஸ்ஸில் இந்தக் கதை எல்லா ஊர்களிலும் இறங்கிவிடும். அதற்குள் கேபிள் பேசினால்தான் உண்டு.

போன் அடித்தது. மேடம்.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிரைவர்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "பொட்டிக்குள்ள இருக்கிற டிரைவரு மேடம், பழசைப் போட்டா, கேபிளைச் செருகுன உடனே புதுசு வந்து உக்காந்துக்கிருது" என்றேன்.

"புதுசு எங்க இருந்து வருது?"

"தெரியல மேடம்."

"தெரியலையா, பாக்கலையா?"

"பாக்கல மேடம்."

"லேப்டாப்ல நெட்டு இருக்கா?"

"லேப்டாப்புக்கு ஏது மேடம் நெட்டு? நீங்கதான வேணாம்னு சொல்லிருக்கீக."

பேனா மூடி திறக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. "அப்ப புது டிரைவர் அருப்புக்கோட்டையில பஸ்ஸு ஏறியா வந்துச்சு?"

நான் போனைப் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த அதே போன். அதன் நெற்றியில் சின்னதாக ஒரு குறி. ஹாட்ஸ்பாட். திருச்சுழி டீக்கடையில் வயரிங் படம் இறக்க, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் திறந்துவிட்டவன் மூடவே இல்லை. நான் கேபிளைச் செருகச் செருக, லேப்டாப் என் போன் வழியாகவே வெளியே போய்ப் புது டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஊரையெல்லாம் தேடியிருக்கிறேன். திருடனுக்கு என் சட்டைப்பையிலேயே குடியிருப்பு.

"மேடம், அப்புறம் கூப்பிடுறேன்" என்றேன்.

"புதுசை யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லிட்டு வைங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் மேடம் சிரித்தாரா, இருமினாரா என்பது இன்று வரை எனக்குச் சந்தேகம்.

ஹாட்ஸ்பாட்டை மூடினேன். புதியவரை எடுத்தேன், டிக் போட்டேன், பழையவரை ஏற்றினேன், பொட்டு வைத்த துளையில் செருகினேன். முக்கோணம் வரவில்லை. ஐயாவைச் சாவியைப் போட்டுத் திருப்பச் சொல்லி, மென்பொருளைத் திறந்ததும் கார் பேச ஆரம்பித்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற காற்றின் அழுத்தம் போதவில்லை என்று பதிவாகியிருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் ஐயா. குரலில் நம்பிக்கை இல்லை.

"காத்து பத்தலையாம்யா. வண்டிய ஓட்டிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"ஓட்டு."

"நான் லேப்டாப்பைப் பாக்கணும்யா. ஓட்ட டிரைவர் அவுக வேணும்."

அந்த 'அவுக' எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. இனி ஒரு தரம் குழப்பம் வந்தால் உயிரோடு அருப்புக்கோட்டை திரும்ப மாட்டோம் என்ற பயம்தான் இலக்கணத்தைத் திருத்தியது. அன்று என் வாயில் வந்தது, பிறகு எங்கள் ஆட்கள் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஐயா என்னை முறைத்தார். சாவியை உருவிச் சோலையப்பன் கையில் கொடுக்காமல், காரிலேயே விட்டுவைத்தார். "ஓட்டச் சொல்லு" என்றார் என்னிடம், சோலையப்பன் பக்கம் திரும்பாமல்.

நரிக்குடி ரோட்டில் போனோம். பின்சீட்டில் ஐயா. என் மடியில் லேப்டாப். "மிதிங்கண்ணே" என்றேன். சோலையப்பன் மிதித்தார். எஞ்சின் கத்தியது, பின்னால் கரும்புகை. திரையில் காற்றழுத்தக் கோடு மட்டும் படுத்தே கிடந்தது. ஐயா முன்னால் சாய்ந்து, கோட்டைப் பார்த்தார், சோலையப்பனின் காலைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தோம். டர்போவிலிருந்து வருகிற தடித்த ரப்பர்க் குழாயைத் தடவிக்கொண்டே போனேன். மேலே ஒன்றுமில்லை. அடிப்பக்கம் விரலை அழுத்தினால் ஒரு வாய் திறந்தது. சும்மா நிற்கும்போது மூடியிருக்கும். காற்று அழுத்தும்போது மட்டும் பிளந்து, எஞ்சினுக்குப் போக வேண்டியதை வெளியே விட்டுவிடும். காற்று குறைந்தால் டீசல் ஒழுங்காக எரியாது, புகைதான் வரும். வண்டி இழுக்காததால் இன்னும் மிதிக்க வேண்டும், இன்னும் டீசல் போகும்.

"ஐயா, விரலைக் குடுங்க" என்றேன். அவர் விரலைப் பிடித்து அந்த வெடிப்பில் வைத்தேன். விட்டு விட்டு அழுத்திப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது.

"இதுலயா போயிருக்கு?"

"இதுலதான்யா."

தற்காலிகமாக அதில் ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றினேன். திரும்பி வரும்போது கோடு எழுந்து நின்றது, வண்டி இழுத்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஐயா இறங்கி, சாதாரணமாக, "ஏலே சோலை, இவரைத் திருச்சுழியில எறக்கி விட்டுட்டு வந்துரு" என்றார்.

சோலையப்பன் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி, ஐயாவிடமே நீட்டினார்.

"என்னலே?"

"மொதலாளி, களத்துல வச்சுதானே வாங்குனீக. அங்கன வச்சே குடுங்க."

நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டேன். அடி விழுந்தால் அதற்கு விழக்கூடாது. ஐயா சாவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மிளகாய் காய்கிற களத்தில் அவர் செருப்போடு நடப்பதில்லை. காய்ந்த மிளகாய்க்கு நடுவே இருந்த ஒற்றையடித் தடத்தில் நடந்து போனார். சோலையப்பன் பின்னால் போனார். பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"வண்டியிலதான் ஓட்டை" என்றார் ஐயா, எல்லாருக்கும் கேட்கும்படி. "டிரைவர் மேல ஒண்ணுமில்ல."

சாவியைக் கொடுத்தார். சோலையப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சற்று முன் வாயை மூடிக்கொண்டு பேசியவள், "எந்த டிரைவரு மொதலாளி, பொட்டிக்குள்ள இருக்கானே அவனா?" என்றாள். களம் முழுக்கச் சிரித்தது. ஐயாவும்தான், கொஞ்சம் தாமதமாக.

காரில் ஏறினேன். சோலையப்பன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக் காலருக்குள் மறுபடி மடித்து வைத்தார். சாவியைப் போட்டார். ஆனால் திருப்பவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"என்னண்ணே?"

"அந்தப் போனைக் குடுங்க."

கொடுத்தேன். ஹாட்ஸ்பாட் மூடியிருக்கிறதா என்று எங்கே பார்ப்பது என்று கேட்டார். காட்டினேன். பார்த்தார். மூடித்தான் இருந்தது. ஆனாலும் போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு வந்து, நான் இறங்கி, அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்.